கும்பகோணத்துக்குக் கரண்ட் வந்த கணக்கு: ஒரு கடையின் காகிதக் கட்டை முன்வைத்து நிகழ்வு ஆய்வு

டெல்டா ஊர்களுக்கு மின்சாரம் எப்படி வந்தது என்று கேட்டால் பலரும் மேட்டூரில் தொடங்கி மேட்டூரிலேயே முடித்துவிடுவார்கள். 1934-ல் அணை முடிந்தது, 1937-ல் அணையடி மின்நிலையம் ஓட ஆரம்பித்தது, கம்பி திருச்சி வழியாகக் கிழக்கே இறங்கி டெல்டாவுக்குள் வந்தது. எல்லாம் சரி. ஆனால் ஊர் எல்லைக்குக் கம்பி வந்ததற்கும் ஒரு வீட்டுக் கூடத்தில் பல்பு எரிந்ததற்கும் நடுவில் ஒரு தனியார் கம்பெனி இருந்தது, நகராட்சி இருந்தது, ஒரு எலெக்ட்ரிக்கல் கடையும் அந்தக் கடையின் வயர்மேனும் இருந்தார்கள். அந்த நடுப்பகுதிக் காகிதங்கள் இன்றும் கொஞ்சம் மிச்சமிருக்கின்றன. வருஷா வருஷம் பழைய பேப்பர் கடைக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றை எந்த வரிசையில் காப்பாற்ற வேண்டும், எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்குக் கும்பகோணத்தை எடுத்துக்காட்டாக வைத்து எழுதுகிறேன்.

கையில் வந்தது

கடைத்தெருப் பக்கம் ஒரு பழைய எலெக்ட்ரிக்கல் கடையை மூடினார்கள். மூன்று தலைமுறை நடந்த கடை. பெயர் போட வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கடையில் இருந்த பழைய வால்வு ரேடியோவையும் பித்தளை இறக்கை விசிறியையும் வாங்கிக்கொள்ள ஆள் வந்துவிட்டது. பரண் மேல் கிடந்த கணக்குகளை யாரும் கேட்கவில்லை. பழைய சாமான் சேர்க்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் அந்த ரேடியோவைப் போல ஆயிரம் ரேடியோ ஊர் ஊராக இருக்கிறது. அந்தப் பேரேடு உலகத்தில் ஒன்றுதான். இரண்டில் எதை முதலில் தூக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கட்டில் இருந்தவை: சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேடுகள், நாள்வழிக் குறிப்புகள், ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகள், கம்பியில் குத்திய பில்கள், மொத்த வியாபாரிகளின் கடிதங்கள், விலைப்பட்டியல்கள், வயரிங் முடிந்ததும் எழுதிக் கொடுக்கும் முடிவறிக்கைகளின் கார்பன் நகல்கள், கொஞ்சம் நீலப்படி வரைபடங்கள்.

கம்பியில் குத்திய பில்லைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய கடைகளில் மரக்கட்டையில் நட்ட கம்பியோ தொங்கவிட்ட கொக்கியோ இருக்கும். அன்றன்றைக்கு வரும் சீட்டை அதில் குத்திக்கொண்டே போவார்கள். அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. தேதி போடாத சீட்டுக்கும் அந்த வரிசையே தேதி சொல்லிவிடும், மேலும் கீழும் இருக்கிற சீட்டுகளை வைத்துக் கணித்துவிடலாம். கம்பி துருப்பிடித்திருக்கிறது என்று உருவிக் கொட்டினால் அந்தத் தகவல் அந்த நிமிஷமே போய்விடும். அதனால் கம்பியைக் கீழ்ப்பக்கம் வெட்டி, அடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, எடுத்த வரிசைக்கே எண் போட்டுக்கொண்டு போனோம். நேரம் பிடிக்கிற வேலைதான். ஆனால் இந்தக் கட்டில் செய்த வேலைகளில் அதிகப் பயன் தந்தது அதுதான்.

கம்பெனி எங்கே, காகிதம் எங்கே

கும்பகோணத்தில் மின்விநியோகம் செய்தது கும்பகோணம் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்ற லைசென்ஸ் பெற்ற தனியார் நிறுவனம். ஊர்க்காரர்கள் பலருக்கு இன்று அந்தப் பெயர் தெரியாது. வரிச் சட்டம் படிக்கிற வக்கீல்களுக்குத் தெரியும். மின்சாரம் ‘சரக்கு’தானா, விற்பனை வரிச் சட்டத்துக்குள் அது வருமா என்ற கேள்வி இந்தக் கம்பெனியின் வழக்கில்தான் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் வந்தது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மின்சாரம் விற்கக்கூடிய, வாங்கக்கூடிய, திருடக்கூடிய சொத்து, ஆகவே அது சரக்கு என்று நீதிமன்றம் சொன்னது. 1963-ஆம் ஆண்டு விற்பனை வரித் தீர்ப்புத் தொகுப்பில் அந்தத் தீர்ப்பு இருக்கிறது. பின்னால் மத்தியப் பிரதேச மின்வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே கேள்வியை எடுத்தபோது கும்பகோணம் வழக்கையும் குறிப்பிட்டது.

தீர்ப்பு ஒருபக்கம் இருக்கட்டும். ஆவணம் தேடுகிறவருக்கு அந்த வழக்கின் தலைப்பிலேயே ஒரு தடயம் இருக்கிறது. எதிர்மனுதாரர் எஸ்பிளனேடு பகுதியின் வணிகவரி அதிகாரி. எஸ்பிளனேடு சென்னையில், உயர்நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கரண்ட் ஓடியது காவிரிக் கரையில், வரிக்கணக்கு பார்க்கப்பட்டது சென்னையில். அப்படியானால் கம்பெனியின் ஐந்தொகை, பங்குதாரர் பட்டியல், போர்டு கூட்டக் குறிப்பு இவற்றைக் கும்பகோணத்தில் தேடிப் பயனில்லை. கம்பெனிப் பதிவாளருக்குப் போன ஆண்டறிக்கைகளிலும், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் அரசாணைகளிலும், லைசென்ஸ் அறிவிப்புகள் வந்த ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ் கெஜட்டிலும்தான் தேட வேண்டும். மீட்டர் எண், தெருக்கம்பி வரைபடம், சர்வீஸ் பதிவேடு போன்றவை ஊரிலேயே இருந்திருக்கும். ஒரே நிறுவனத்தின் காகிதம் பிறக்கும்போதே இரண்டு ஊருக்குப் பிரிந்துவிட்டது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஊரில் தேடிவிட்டு “ஒன்றுமே இல்லை” என்று திரும்பியவர்கள் நிறைய.

சட்டம் பெற்றெடுத்த காகிதங்கள்

எந்தக் காகிதம் இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் எது காணாமல் போனது என்று தெரியும். அதற்கு வழிகாட்டி அன்றைக்கு நடப்பில் இருந்த 1910-ஆம் ஆண்டு இந்திய மின்சாரச் சட்டம். அதன் அட்டவணையைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் ஒரு சின்ன நகரத்தில் மின்சாரம் தெருத்தெருவாக எப்படிப் பரவியிருக்கும் என்பது புரிந்துவிடும்.

தெருவில் விநியோகக் கம்பி இல்லையென்றால் ஒரு வீட்டுக்காரர் தனியாகக் கேட்டுப் பயனில்லை. அந்தத் தெருவில் வீடோ கடையோ வைத்திருப்பவர்கள், குடியிருப்பவர்கள் என்று ஆறு பேராவது சேர்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தெருவிளக்குப் பொறுப்புள்ள உள்ளாட்சி கேட்க வேண்டும். கம்பி வந்துவிட்ட தெருவிலோ ஒருவரே கேட்கலாம். அவர் கேட்ட ஒரு மாதத்துக்குள் கம்பெனி இணைப்புக் கொடுத்தாக வேண்டும். ஆனால் அதற்கு நிபந்தனை உண்டு. குறைந்தது இரண்டு வருஷம் கரண்ட் எடுப்பதாக ஒப்பந்தம் எழுதித் தரும்படி கம்பெனி கேட்கலாம். சர்வீஸ் கம்பிக்கு ஆன செலவில் ஆண்டுக்கு 15 சதவீதத்துக்கு மிகாத வருமானத்துக்கு அந்த ஒப்பந்தம் உத்தரவாதம் தர வேண்டும். தெருக்கம்பியிலிருந்து 100 அடிக்கு மேல் போகிற கம்பிக்கும், வீட்டு எல்லைக்குள் போடுகிற கம்பிக்கும் செலவு வீட்டுக்காரருடையது.

இந்த ஆறு கையெழுத்து விதியை நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். பணவசதி உள்ள ஆறு குடும்பம் அடுத்தடுத்து இருந்த தெருவுக்குக் கம்பி சீக்கிரம் வந்திருக்கும். ஒரே ஒரு பெரிய வீடும் மற்றவை கூரை வீடுகளுமாக இருந்த தெரு காத்திருந்திருக்கும், நகராட்சி தெருவிளக்குப் போட முடிவெடுக்கும் வரை. தெருவிளக்குக்காகக் கம்பி வந்துவிட்டால் அப்புறம் தனி ஆளே விண்ணப்பம் போடலாம். ஆகவே நகராட்சியின் தெருவிளக்குத் தீர்மானங்களையும் வீட்டு இணைப்புத் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். கும்பகோணம் 1866-லேயே நகராட்சியான ஊர். மன்றத் தீர்மானப் புத்தகம் என்ற வழக்கம் மின்சாரத்தைவிடப் பழசு. மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி அணைக்கக் குத்தகை விட்ட காலத்திலிருந்தே தெருவிளக்குச் செலவு நகராட்சிக் கணக்கில் தனி இனம். 2021-ல் நகராட்சி மாநகராட்சி ஆனது. அலுவலகம் தரம் உயரும்போதும் இடம் மாறும்போதும்தான் பழைய பதிவேடுகள் மூட்டை கட்டப்பட்டு மூலைக்குப் போகும். இந்தச் சமயத்தில் ஒருவர் போய்க் கேட்பது ரொம்ப அவசியம்.

அதே சட்டம் இன்னும் சில காகிதங்களைக் கட்டாயமாக்கியது. லைசென்ஸ்தாரர் ஆண்டுக் கணக்கை அரசு சொன்ன படிவத்தில் கொடுக்க வேண்டும். பணம் கட்டாதவரின் இணைப்பைத் துண்டிக்க ஏழு முழு நாள் முன்னறிவிப்பு எழுத்தில் தர வேண்டும். மீட்டர் சரியில்லை என்று தகராறு வந்தால் மின் ஆய்வாளர் தீர்க்க வேண்டும், தவறு காட்டிய காலத்துக்கான திருத்தம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. விபத்து நடந்தால் அறிவிக்க வேண்டும். 1939-ல் சென்னை மாகாண மின்தீர்வைச் சட்டம் வந்ததும் தீர்வைக் கணக்கு என்று இன்னொரு பதிவேடு சேர்ந்தது. வீட்டுப் பெட்டியில் பத்திரத்தோடு மடித்து வைத்த ஒரு துண்டிப்பு நோட்டீஸ் கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். கம்பெனியின் பெயர், கட்டண விகிதம், சர்வீஸ் எண், பாக்கி எல்லாம் ஒரே தாளில் இருக்கும்.

முடிவறிக்கை சொல்லும் வீடு

இப்போது கடைக் கட்டுக்கு வருகிறேன். 1937-லும் பிறகு 1956-லும் வந்த மின்சார விதிகளின்படி வீட்டு வயரிங்கை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும். அதனால் எலெக்ட்ரிக்கல் கடை வெறும் பல்பு விற்கிற இடமாக இருக்க முடியாது. கடைக்காரரே ஒப்பந்தக்காரர், இல்லாவிட்டால் ஒப்பந்தக்காரர் ஒருவருக்குக் கை கொடுப்பவர். வேலை முடிந்ததும் மெக்கர் என்ற சோதனைக் கருவி வைத்து இன்சுலேஷன் சோதித்து, எத்தனை பாயிண்ட், என்ன சுமை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு விநியோகக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும். கசிகிற மின்னோட்டம் வீட்டுக்குத் தருகிற உச்ச மின்னோட்டத்தில் 5000-ல் ஒரு பங்கைத் தாண்டினால் இணைப்புக் கிடையாது என்பது 1956 விதிகளில் தெளிவாகவே இருக்கிறது.

கட்டில் இருந்த முடிவறிக்கை நகல் ஒன்றை அருகில் வைத்துப் பார்ப்போம். கார்பன் நீலம் வெளிறிப் போன தாள். மேலே தெருப் பெயரும் கதவு எண்ணும். கீழே பாயிண்ட் பட்டியல்: திண்ணை விளக்கு ஒன்று, ரேழி ஒன்று, கூடத்தில் இரண்டு, மாடியில் ஒன்று. விசிறி கூடத்தில் மட்டும். பிளக் ஒன்றுமில்லை. அடுப்படி என்ற வரியில் எழுதி அடித்திருக்கிறது. காமிரா உள் (வீட்டின் உள்ளறை) என்ற வரி வெற்றாக இருக்கிறது. கொல்லைப்புறமும் கிணற்றடியும் பட்டியலிலேயே வரவில்லை.

அதாவது வீட்டுக்குக் கரண்ட் வந்தது, ஆனால் அடுப்படிக்கு வரவில்லை. விடிவதற்கு முன் எழுந்து புகைக்குள் வேலை செய்த பெண்களுக்கு அந்த வீட்டில் இன்னும் சிம்னி விளக்குதான். அடுப்படி வரியை எழுதி அடித்தார்களே, அங்கே ஒரு பேச்சு நடந்திருக்கிறது. ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று கூலி சொன்னதும் எதைக் குறைக்கலாம் என்று யோசித்திருக்கிறார்கள், வெட்டுப்பட்டது அடுப்படி. அரசாணையில் இது வராது, கம்பெனியின் ஐந்தொகையிலும் வராது. அங்கே இந்த வீடு ஒரு நுகர்வோர் எண் மட்டும். இந்தத் தாளுக்காகவே கடைக் கட்டுகளை முதலில் காப்பாற்ற வேண்டும் என்கிறேன்.

அதே கதவு எண்ணைப் பிந்தைய பேரேட்டில் தேடினோம். அடுப்படி பாயிண்ட் பிறகு வந்திருக்கிறது. அதோடு ஹோல்டர், சுவிட்ச், வயர், கூலி எல்லாம் சேர்ந்து சில்லறைப் பற்றாக நிற்கிறது. அதற்கு முன்பே ரேடியோவுக்கான ஏரியல் கம்பியும் எர்த் கம்பியும் வாங்கியாகிவிட்டது. ரேடியோவுக்குப் பின்னால்தான் அடுப்படி.

பேரேட்டைப் படிக்கும் விதம்

முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, மூலைகளில் மஞ்சள், அப்புறம் தமிழ் வருஷப் பெயர். டெல்டாக் கடைக் கணக்குகளில் தேதி தமிழ் மாதத்தில் ஓடுவது சாதாரணம், ஆங்கிலத் தேதி கம்பெனிக் கடிதங்களில் மட்டும் வரும். வெகுதானிய என்று இருந்தால் 1938 சித்திரையிலிருந்து 1939 பங்குனி வரை. அறுபது வருஷச் சுழற்சி குழப்பாதா என்றால், மின்சாரக் கடைக்குக் குழப்பாது. முந்தைய வெகுதானிய 1878, அடுத்தது 1998. தொகைகள் ரூபாய், அணா, பை என்று மூன்று பத்தியில் இருக்கும். 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஒரு அணா. 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்தபோது பேரேட்டில் மூன்று பத்தி இரண்டாகிவிடும். தேதி கிழிந்துபோன பக்கத்துக்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

சரக்குப் பெயர்களும் காலம் சொல்லும். வயரை உள்ளே வைத்து மூடுகிற, தேக்கில் செய்த கேசிங் கேப்பிங் பட்டை, ரப்பர் உறை போட்ட வயர், பீங்கான் கிளீட், பித்தளை ஹோல்டர், சீலிங் ரோஸ் இவையெல்லாம் பழைய வயரிங்கின் சாமான். பட்டைக்குள் ஓடிய வயர் பின்னால் மரச்சட்டத்தின் மேல் கிளிப் அடித்து ஓட ஆரம்பித்தது. அந்த மாற்றம் பில்லில் அப்படியே தெரியும்.

கடன் பத்தியைத் தனியாகப் படிக்க வேண்டும். டெல்டாவில் மிராசுதார் வீட்டுப் பற்று மாசாமாசம் தீராது. கணக்கு நிற்கும், தையிலும் மாசியிலும் சம்பா அறுப்பு முடிந்து நெல் விற்ற பிறகு மொத்தமாக வரவு விழும். கடைக்காரரோ மொத்த வியாபாரிக்கு அவர் சொன்ன தவணைக்குள் பணம் அனுப்பியாக வேண்டும். அறுப்பு வரைக்கும் நடுவில் உள்ள மாதங்களைக் கடை தன் தோளில் சுமந்திருக்கிறது. மின்விசிறியை வாடகைக்கு விடுவதும் கல்யாணத்துக்கு விளக்கு, ஒயர் வாடகைக்குக் கொடுப்பதும் வெறும் உபரி வருமானம் என்று நினைத்துவிட வேண்டாம். ரொக்கமாகக் கையில் விழும் பணம் அது ஒன்றுதான். வாடகைக் கணக்கு வைகாசி, ஆவணி முகூர்த்த மாதங்களில் தடித்தும் மார்கழியில் மெலிந்தும் இருக்கும். மகாமக ஆண்டுகளான 1945, 1956, 1968 பேரேடுகள் யாரிடமாவது இருந்தால் மாசி மாதப் பக்கங்களைத் தவறாமல் பாருங்கள். தற்காலிக இணைப்பு, தற்காலிக விளக்கு எல்லாம் அங்கேதான் தேட வேண்டும்.

ரேடியோவுக்குத் தனிக் கதை. 1933-ஆம் ஆண்டு வயர்லெஸ் தந்திச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ரேடியோவை வைத்திருப்பதே குற்றம். வீட்டுக்காரர் தபால் ஆபீசில் வருஷா வருஷம் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தைப் புதுப்பிக்க வேண்டும். இந்த ஏற்பாடு 1980-களின் நடுப்பகுதி வரை இருந்தது. திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16-ல் தொடங்கியது. சென்னை நிலையம் அதற்கு முந்தைய ஆண்டு, 1938 ஜூன் 16-ல். பக்கத்திலேயே ஒரு நிலையம் வந்ததும் டெல்டாவில் ரேடியோ வாங்குவதற்கு ஒரு காரணம் கிடைத்தது. கடை ரேடியோ விற்ற கணக்கையும் வீட்டு லைசென்ஸ் புத்தகத்தையும் சேர்த்து வைத்தால் எந்தத் தெருவில் எப்போது முதல் ரேடியோ பாடியது என்று ஓரளவு சொல்லிவிடலாம். லைசென்ஸ் புத்தகங்கள் பல வீடுகளில் இன்னும் ரேஷன் கார்டுகளோடு கிடக்கின்றன.

தண்ணீரும் கரண்டும்

டெல்டாவின் மின்சாரக் கணக்கைப் படிக்கிறவர் அணை திறக்கிற தேதியை மறக்கக் கூடாது. மேட்டூர் மின்நிலையம் பாசனத்துக்குத் திறந்துவிடும் தண்ணீரில் ஓடுவது. வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். அணை மூடியிருக்கும் மாதங்களில் தண்ணீர் வரத்து சுருங்கும், மின் உற்பத்தியும் சுருங்கும். 1930-களின் தொடக்கத்திலேயே ஓட ஆரம்பித்த நீலகிரி பைக்காரா நிலையத்தோடு மேட்டூரை இணைத்ததற்கு இந்த ஏற்ற இறக்கமும் ஒரு காரணம்.

இதை நம்முடைய ஊர்க் கணக்கில் வைத்துப் பாருங்கள். சம்பா, தாளடி அறுப்பு தை, மாசியில். நெல் ஆலைக்கு வந்து குவியும் காலமும் அணை மூடும் காலமும் ஒன்று. மோட்டார் வைத்த அரிசி ஆலைக்காரர் பழைய ஆயில் எஞ்சினை விற்காமல் ஓரமாக வைத்திருந்தால் அதைப் பழமைப் பிடிப்பு என்று எழுதிவிடக் கூடாது. கடைப் பேரேட்டில் ஒரே ஆலையின் பற்றில் மோட்டார் சாமானும் எஞ்சின் பெல்ட்டும் அடுத்தடுத்து நிற்பதை நான் அந்தக் கண்ணோடுதான் படித்தேன். விவரம் தெரிந்த வியாபாரி இரண்டு கதவையும் திறந்தே வைத்திருந்திருக்கிறார்.

வெளிச்சத்துக்கு ஒரு விகிதம், மோட்டாருக்கு ஒரு விகிதம் என்று கட்டணம் பிரிந்திருந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆலையில் விளக்குக்குத் தனி மீட்டர், பவருக்குத் தனி மீட்டர், தனித்தனி வயரிங். ஒரு முகவரிக்கு இரண்டு சர்வீஸ் எண் இருந்தால் இரண்டு வாடிக்கையாளர் என்று எண்ணிவிட வேண்டாம்.

கம்பெனி போனபின்

1948-ஆம் ஆண்டு மின்வழங்கல் சட்டத்தின் ஆறாம் அட்டவணை தனியார் கம்பெனிகளின் லாபத்துக்கு வரம்பு கட்டியது. நியாயமான வருவாய் இவ்வளவு என்று கணக்கிட்டு, அதற்கு மேல் வந்தால் ஒரு பங்கு கம்பெனிக்கு, மிச்சத்தில் பாதி கட்டண, ஈவுத்தொகைக் கட்டுப்பாட்டு நிதிக்கு, பாதி நுகர்வோருக்குத் தள்ளுபடியாக என்று பிரிக்கச் சொன்னது. அந்தக் காலத்துப் பில்லில் தள்ளுபடி என்று ஒரு வரி வந்தால் அது கம்பெனியின் தாராளமா, சட்டத்தின் கட்டாயமா என்று ஐந்தொகையோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

அரசு கையகப்படுத்தும் முயற்சி அடுத்தது. சென்னை மாகாணம் 1949-ல் ஒரு சட்டம் போட்டது. ராஜமுந்திரி மின்கம்பெனி தொடுத்த வழக்கில் 1954-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே ஆண்டு புதுச் சட்டம் வந்தது. 1957 ஜூலை 1-ல் மின்வாரியம் உருவானது. மிச்சமிருந்த தனியார் கம்பெனிகளும் பின்னால் ஒவ்வொன்றாக வாரியத்துக்குள் போயின. கும்பகோணம் வழக்கு 1963 தொகுப்பில் இருப்பதை வைத்துப் பார்த்தால், வாரியம் வந்த பிறகும் இந்த ஊரில் கொஞ்ச காலம் தனியார் விநியோகம் தொடர்ந்திருக்கிறது. கையகப்படுத்தும்போது கம்பமும் கம்பியும் மீட்டர் பதிவேடும் வாரியத்துக்கு. நஷ்டஈடு வாங்க வேண்டியிருந்ததால் கம்பெனி என்ற சட்ட உருவமும் அதன் சொந்தப் புத்தகங்களும் கம்பெனிக்காரர்களிடமே. ஏற்கெனவே இரண்டு ஊராகப் பிரிந்த காகிதம் இப்போது இரண்டு உரிமையாளரிடமும் பிரிந்தது. 2010-ல் வாரியம் நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது இன்னொரு முறை பீரோக்கள் இடம் மாறின.

செய்து முடித்ததும் மீதியும்

காகிதக் கட்டை நிழலில் உலர்த்தி, ராமபாணப் பூச்சியும் கரையானும் தொட்ட பக்கங்களைத் தனியாகப் பிரித்து, வந்த கட்டு கலையாமல் அட்டைப்பெட்டிகளில் வைத்தாயிற்று. நீலப்படி வரைபடங்களை வெளிச்சம் படாமல் தனியாக வைத்திருக்கிறோம். அந்த நீலம் வெயிலுக்கும் காரத்துக்கும் வெளுத்துப்போகும். மெழுகுத்துணி போலத் தெரியும் வரைபடத் துணியை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, அதில் பூசியிருக்கும் கஞ்சி இளகிவிடும். பக்கங்களைச் செல்போனில் பகல் வெளிச்சத்தில் படமெடுத்தோம். அட்டை, வெற்றுப் பக்கம், செருகியிருந்த சீட்டு எல்லாம் எடுத்தோம். வெற்றுப் பக்கத்தை விட்டுவிட்டால் நடுவில் பக்கம் கிழிந்துபோயிருக்கிறதா, எழுதவே இல்லையா என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது.

வாடிக்கையாளர் பெயர்களை வெளியிடவில்லை. யார் எத்தனை வருஷம் பாக்கி வைத்தார்கள் என்பது அந்தப் பேரன் பேத்திகளுக்கு வேண்டாத சங்கடம். தெருவும் கதவு எண்ணின் முதல் இலக்கமும் போதும், ஆய்வு கெடாது. மூலக் கட்டு குடும்பத்தாரிடமே இருக்கிறது. படங்களின் நகலைக் கேட்கும் ஆய்வாளருக்குக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள்.

அடுத்த வேலை நகராட்சியின் பழைய சொத்துவரிப் பதிவேட்டோடு கடையின் கதவு எண்களைப் பொருத்துவது. ஊரில் கதவு எண்கள் மாறியிருப்பதால் இந்தப் பொருத்தம் இல்லாமல் தெருவாரியாக வரைபடம் போட முடியாது. மின்வாரியப் பிரிவு அலுவலகங்களில் கம்பெனிக் காலத்துச் சர்வீஸ் பதிவேடு இருக்கிறதா என்றும், பழைய பதிவேடுகளை அழிக்கும் முன் எந்த விதிப்படி பட்டியலிடுகிறார்கள் என்றும் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்கப் போகிறோம். தஞ்சாவூர், நாகப்பட்டினம், மன்னார்குடி, மாயவரம் பக்கம் மூடப் போகிற எலெக்ட்ரிக்கல் கடை ஏதாவது உங்களுக்குத் தெரிந்தால், பரணைக் காலி செய்வதற்கு முன் ஒருமுறை போய்ப் பாருங்கள். முதலில் கேட்க வேண்டியது வயரிங் முடிவறிக்கைக் கட்டு, பேரேடு அதற்கு அடுத்து.